வேகன் நிழலில் படித்த இருபத்து நான்காம் அத்தியாயம்

உன் மகள் நேற்று கொண்டுவந்து கொடுத்த பைண்டு புத்தகத்தைத் திறந்ததும் பழைய மைதாப் பசை வாசனை அடித்தது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து வைத்து, கதை முடிந்ததும் நீயே கோணி ஊசியால் தைத்தது. இருபத்து மூன்றாம் அத்தியாயத்துக்குப் பின்னால் கோடு போட்ட நான்கு தாள்கள், என் கையெழுத்தில். அவற்றை என்றோ கிழித்துப் போட்டிருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் கடைசி. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் நீ மூட்டை தூக்கினாய். நான் வேகன் நம்பர் குறிக்கும் குமாஸ்தா. வியாழக்கிழமை மதியம் உன் செட்டு ஆட்களும் கூழ் விற்கும் அஞ்சலையும் வேகன் நிழலில் உட்காருவார்கள். நீ தொடர்கதையை உரக்கப் படிப்பாய். கடலில் காணாமல்போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் கதை. அஞ்சலையின் புருஷனும் திருவொற்றியூர் குப்பத்திலிருந்து மீன் பிடிக்கப் போய் நான்கு மாதமாகத் திரும்பவில்லை. நீ படித்து முடிக்கும்வரை அவள் யாருக்கும் கூழ் ஊற்ற மாட்டாள்.

ஒரு வாரம் மழையில் பத்திரிகைக் கட்டு கடைக்கு வரவேயில்லை.

"தெனம் வேகன் நம்பரா எய்தற. ஒரு நா மனுசன எய்து மாமு" என்றாய்.

எழுதினேன். எத்தனையோ தொடர்கதை படித்த தைரியம். காணாமல்போனவனை உயிரோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பழைய இதழுக்குள் தாள்களை மறைத்து, நீ குரல் மாறாமல் படித்தாய். வாசலில் அவன் நிற்கும் இடத்தை அஞ்சலை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மறுநாள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வியாழன் பத்திரிகை வந்துவிட்டது. அதில் அந்த மனைவி இன்னும் கரையில்தான் நின்றுகொண்டிருந்தாள். நீ நான்கு வரி படித்துவிட்டு மூடினாய். "நீயே சொல்லிடு மாமு."

போன வாரம் படித்தது நான் எழுதியது என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "காணாப்போனவன கூட்ஸ் வண்டில ஏத்தினு வந்துட்டியா குமாஸ்தா?" என்றான் ஒருவன். அஞ்சலை சிரிக்கவில்லை.

"புக்குல எய்தறவனுக்கு நா யாருன்னு தெரியாது. உனுக்குத் தெரியுமே நைனா."

அதற்குப் பிறகு அவள் கூழ் ஊற்றிவிட்டு உடனே போய்விடுவாள், கதைக்கு உட்காரவில்லை. அவள் புருஷன் வரவேயில்லை. நான் உண்மையைச் சொன்ன அன்று மாலை தண்டவாளம் ஓரமாக நடக்கும்போது, "நானுந்தான் படிச்சேன். பாதி தப்பு என்னுது" என்றாய். என் பாதி அதனால் குறையவில்லை. ஆனாலும் நீ என்கூட நடந்தாய்.

அந்தத் தொடர்கதைகள்தான் என்னை எழுதும் வேலைக்கு இழுத்து வந்தன. ஆனால் யார்டை விட்டுப் பத்திரிகை நிருபரான பிறகு கதை எதுவும் எழுதவில்லை. எண்ணூர் பக்கம் படகு திரும்பாத நாட்களில், மற்ற பத்திரிகைகள் 'மீட்கப்பட்டனர்' என்று முந்திக்கொள்ளும்போது, நான் குப்பத்துக்குப் போய் ஆளைக் கரையில் கண்ணால் பார்த்த பிறகே எழுதினேன். பலமுறை பிந்தினேன்; ஆபீசில் திட்டு வாங்கினேன். பார்க்க முடியாதபோது 'தகவல் இல்லை' என்று மட்டும் எழுதினேன். தலைப்புக்கு இது போதாது என்பார்கள். கரையில் காத்திருந்தவர்களுக்கும் அது போதுமானதாக இருந்திருக்காது. பொய்யாக இல்லை, அவ்வளவுதான்.