பெட்டிக்குப் பதிலாக நான்

சித்தூர்,
9 மார்ச் 1936

அன்பான கணவருக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, திருப்பதியிலிருந்து நீங்கள் அனுப்பிய, உங்களுக்குக் காது கேட்க வைக்கும் பெட்டியின் செத்த பேட்டரியைக் குப்பைக்குழியில் போட்டேன். பிறகுதான் கூட வந்த கடிதத்தைப் படித்தேன். மதராஸிலிருந்து புதியது வரப் பத்து நாள் ஆகுமாம். உங்கள் தலைமையாசிரியர் வேலையை நீட்டிப்பதா என்று வியாழக்கிழமை முடிவெடுக்கும் கமிட்டிக்கு, மற்றவர்கள் பேசுவதை எழுதிக் காட்ட நான் சிலேட்டோடு வந்து பக்கத்தில் உட்கார வேண்டுமாம்.

பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தேனே. பெட்டி வந்த அன்று விருந்தாளிகள் முன்னால் என்ன சொன்னீர்கள்?

"இவ பாதிய முழுங்கிட்டுதான் எழுதுவா. இது ஒண்ணையும் துன்னாது!"

உங்கள் தம்பி அசரியா, "அப்ப அண்ணிக்குப் பென்ஷன் குடுத்துடலாம்ண்ணா" என்றார். நீங்கள் சிரித்தீர்கள்.

கருவியை நம்பி வாழ்பவனின் மனமும் கருவியாகிவிடும் என்று சீனத்துத் தாவோ ஞானிகள் அஞ்சியதைக் கல்லூரியில் படித்தபோது, மிகையாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

ஆம், முழுங்கினேன். போன வருஷம் கமிட்டியில் காரியதரிசி தேவானந்தம், "இந்தச் செவிட்டு எருமைய எத்தினி நாளு கட்டிக்கினு அழறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். 'உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறார்' என்று எழுதிக் காட்டினேன். நீங்கள் எழுந்து அவருக்கு நன்றி சொன்னீர்கள்.

பெட்டியைக் கண்டதும் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வியாழனன்று சிலேட்டைப் பார்த்தால் பழையபடி பேசுவார்கள்.

இந்தக் கடிதத்தைக் கூட்டம் முடிந்த பிறகு என் கையால் தருவேன். அதுவரை யாருக்கும் தெரியாது: இம்முறை நான் பெட்டியாகவே உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் எழுதிக் காட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி