மேற்குச் சரிவு

என் கணவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமென்று வானொலியில் கேட்ட குரலிலேயே தெரிந்தது.

ஆமாம், ஆய்வுக் கப்பலிலிருந்து நீங்கள் கொடுத்த அந்தப் பேட்டியைக் கேட்டேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். நடுக்கடல் மலைத்தொடரின் இருபுறமும் கடல்தரை ஒரேபோலத் தாழ்ந்துபோக வேண்டும். ஆனால் மேற்குச் சரிவு மட்டும் மேடாகவே நிற்கிறது, அடியிலிருந்து சூடான பாறை மேற்கே சாய்ந்து எழுவதுதான் காரணம் என்று அழகாகச் சொன்னீர்கள். எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, "குளிக்கும்போது சட்டுனு தோணுச்சுங்க" என்றீர்கள்.

குளிக்கும்போதா? கல்யாணமான புதிதிலிருந்து, நீங்கள் கொண்டுவந்த அளவுகளைப் பார்த்து மேற்கே மேடு என்று நான் சொல்லச் சொல்ல, "அது கருவிக் கோளாறு, விட்டுத்தள்ளு" என்ற வாய் எது? பாப்பா வயிற்றில் இருக்கையில், வாந்திக்கு நடுவே கணக்குப் போட்டது யார்? கடைசியில் எனக்கு நன்றி வேறு! வீட்டை நான் பார்த்துக்கொள்வதால் நீங்கள் நிம்மதியாகக் கடலுக்குப் போகிறீர்களாம். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வானொலியை அணைத்தது அத்தைதான். "பெத்தவ நானே சொல்றேன், இது அநியாயம்" என்றார்.

மறுநாள் உங்கள் குழுத் தலைவர் கப்பலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். பாறை மேற்கே எழுந்தால் எரிமலைக் குழம்பு மட்டும் ஏன் மலைத்தொடரின் முகட்டில் வெளிவருகிறது என்று உங்களைக் கேட்டாராம். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டீர்களாமே! நான் சொன்னேன்: மேலே குளிர்ந்து கிடக்கும் பாறைத் தட்டின் அடிப்பக்கம் முகட்டை நோக்கி ஏறுமுகமாகச் சாய்ந்திருக்கிறது, உருகிய குழம்பு லேசானது, அதை ஒட்டியே ஊர்ந்து முகட்டுக்கு வந்துவிடும். அவர் இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "இது யாரோட யோசனைம்மா?" என்றார்.

உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். மனம் வரவில்லை. "என்னோடது" என்றேன்.

கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் நீங்கள் இறங்குகிறீர்கள், நான் ஏறுகிறேன். அவரே ஏற்பாடு செய்துவிட்டார். பாப்பாவுக்குக் காதுவலி, சொட்டு மருந்தைக் கையில் வைத்துச் சூடாக்கித்தான் விட வேண்டும். அத்தைக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு படியேறக் கூடாது. இதெல்லாம் குளிக்கும்போது தோன்றாது.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் காலையில் கடல் வானிலையைக் கேட்காமல் வேலை ஓட மாட்டேன் என்கிறது. நாளை காற்று பலமாம், அதனால்தான் இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். மேல்தளத்துக்குப் போகாதீர்கள். பத்திரமாகக் கரைக்கு வாருங்கள். படியிறங்கி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள்.

உங்கள் மனைவி