சீர் வேட்டியில் பச்சை வட்டம்

18 ஜனவரி 1938, செவ்வாய்
திருச்செங்கோடு

முடிந்தது. நாடகக் கம்பெனிக்கு அரண்மனை, காடு, மறுபடி அரண்மனை என்று படுதா எழுதி அலுத்துப்போய், எனக்கென்று ஒரு படம். மஞ்சள் பரப்பு, நடுவில் பச்சை வட்டம். ஆள் இல்லை, மயில் இல்லை. பச்சையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தால் அங்கே சிவப்பு வட்டம் மிதக்கிறது. நான் எழுதாத நிறத்தைக் கண்ணே எழுதிக்கொள்கிறது!

சௌந்திரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். மகராசி கரையைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எங்கம்மா தீவாளிச் சீருக்கு எடுத்துக் குடுத்த வேட்டிதானுங்களே?"

பெட்டியில் சும்மாதானே கிடந்தது?

19, புதன்

பள்ளிபாளையத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

22, சனி

நானே வைத்த ரசம். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை. படத்தைக் கிழித்தால்தான் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் இல்லாமல் வீடு பிடிக்கவில்லை. ஆனாலும் கிழிக்க மாட்டேன் - அதெப்படிக் கிழிப்பது?

24, திங்கள்

மாமியார் சென்னியம்மாளே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மருமகனை முகத்துக்கு நேரே திட்டுவது மரியாதை இல்லையே. அதனால் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வட்டத்தைப் பார்த்தபடியே என்னைத் திட்டினார். கண் இமைக்கவில்லை. முடித்து, பெருமூச்சு விட்டுச் சுவர் பக்கம் திரும்பினார்.

அப்படியே எழுந்து கை கூப்பிவிட்டார்.

"ஆத்தா, குங்குமமா வந்து நிக்கறயே தாயி."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

26, புதன்

தெருப் பெண்கள் அத்தனை பேரும் இங்கேதான். வட்டத்தைப் பார்த்து மனக்குறையெல்லாம் கொட்டிவிட்டுச் சுவருக்குத் திரும்ப வேண்டும், அப்போதுதான் ஆத்தா வருவாள் என்று மாமியார் முறை வகுத்திருக்கிறார். தவறாமல் வருகிறாள், ஏன் வரமாட்டாள்? பக்கத்து வீட்டு வள்ளியாத்தாளுக்குப் புருஷனைப் பற்றிக் கொட்ட நிறைய இருந்தது. அவளுக்கு ஆத்தா லேசில் மறையவில்லை.

சுவரடியில் பூ, சூடம். என் படத்துக்கு எல்லாரும் முதுகைக் காட்டுகிறார்கள். வயிறு எரிகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மாமியார் சொல்கிறார், ஆத்தா இருக்கிற வீட்டில் விளக்கேற்றத் தன் மகள் வேண்டுமாம், வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடுகிறாராம். பேசாமல் இருடா அர்த்தநாரி.

28, வெள்ளி

வந்தாள். என்னோடு பேச்சில்லை. கூட்டம் கலைந்ததும் படத்துக்கு முன் உட்கார்ந்து என்னைப் பற்றிக் கொட்டினாள். அதையெல்லாம் எழுத மாட்டேன். கொட்டி முடித்தவள் சுவருக்குத் திரும்பவில்லை, என் பக்கம் திரும்பினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்க சட்டையிலயும் ஆத்தா நிக்கறாளே?"

மாட்டிக்கொண்டேன். எல்லாம் கண் செய்கிற வேலை என்று சொல்லிவிட்டேன். மறுபடி படத்தைப் பார்த்தாள், அடுக்களைச் சுவரைப் பார்த்தாள், தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், எனக்குப் போன உயிர் வந்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்றாள்.

2 பிப்ரவரி, புதன்

பெட்டியில் முந்தின வருஷத்துச் சீர் வேட்டியைக் காணோம். தேடிக்கொண்டு உள்ளே போனால், சௌந்திரம் அதைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"நீலம் எழுதுனா சுவத்துல என்னங்க வரும்?"