படுக்கையறைக்குப் போன ரேடியோ

அன்புள்ள அத்தானுக்கு,

முந்தைய கடிதங்கள் கிடைத்தனவா என்று தெரியவில்லை. இதையும் அதே விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

கூடத்து ரேடியோவைப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டேன். சுதந்திர அறிவிப்பைக் கேட்க நம் காஜா பெராங் தெரு ஜனங்கள் நம் வீட்டில் கூடினார்களே, அதிலிருந்து அக்கம்பக்கத்தார் சாயங்காலச் செய்திக்குத் தினமும் வரத் தொடங்கினார்கள். செய்தி முடிந்ததும், "அண்ணன் சிங்கப்பூர்லருந்து எப்ப வர்றாரு?" என்பார்கள். "அடுத்த மாசம்" என்று எத்தனை தடவைதான் சொல்வது?

மின்வேலை பார்க்கும் மருதப்பன்தான் ஏரியல் கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக் கொடுத்தார்.

"ரேடியோ ரோசாக் ஆயிருச்சாக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மா கேட்டாள். பழுதுதான் என்று பொய் சொன்னேன். அதன் பிறகு யாரும் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நான் மட்டும் செய்தி கேட்டேன். சில நாள்கூடத் தாங்க முடியவில்லை.

நேற்று வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தெருவுக்குக் கேட்கும்படி ஒலியைக் கூட்டினேன். பொன்னம்மா வந்தாள். பொய்யைப் பற்றி எதுவும் பேசாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி முழுவதையும் கேட்டாள். "நாளைக்கும் வர்றேன்க்கா" என்று எழுந்து போனாள்.

உங்களைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்