சுறா77-உம் பச்சைச் சைக்கிளும்

2008 ஜனவரி 28, திங்கள்

பஸ் வரவில்லை. மறுபடியும். மேல்ரோட்டில் நாற்பது நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நடந்தேன். பாடசாலைக்குள் நுழையும்போது ஏழு நாற்பத்திரண்டு. அதிபர் ஏழரைக்கே வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்த ஒரே ஆசிரியை நான். இந்த மாதத்தில் நாலாவது தடவை. இப்படியே போனால் என் லீவெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே கரைந்துவிடும்.

கணிதம் படிப்பிக்கிற ஜெயமலர் அக்காவிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு எல்லாமே சுலபம். "ஒரு சைக்கிள் வாங்குமன். கொட்டகலையில உமக்கு ஓடப் பழக்கினது நான்தானே" என்றார். உண்மைதான். பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாக இருந்த காலத்தில், மைதானத்தைச் சுற்றி அவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். இரண்டு முழங்காலிலும் தழும்பு இருக்கிறது.

ஆனால் நோர்வூட் பக்கத்தில் ஒரு பெண் சைக்கிளில் போய் யார் பார்த்திருக்கிறார்கள்? இங்கே ஆம்பிளைகளே ஏற்றத்துக்குப் பயந்து வாங்குவதில்லை. சரி, யோசித்துப் பார்க்கிறேன் — எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மேல்ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனால், அங்கிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் இறக்கம்தான். வரும்போது தள்ளுவது. அதனால் என்ன? இப்போதும் நடந்துதானே வருகிறேன்.

ஜனவரி 30, புதன்

கடையில் புதுச் சைக்கிள் விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

ஜெயமலர் அக்காவின் தம்பி கொழும்பில் இணையத்தில் ஏலம் கேட்டு ஒரு கெமரா எடுத்தாராம். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பேரும் நோர்வூட் கொமியூனிகேஷன் கடைக்குப் போய் அங்கிருந்த கம்ப்யூட்டரில் தேடினோம். குளிர்சாதனப் பெட்டி, கிட்டார், ஒரு ஆட்டின் படம்கூட. பிறகு, அடக் கடவுளே, அது!

பச்சை நிறம். ஜப்பான். ஆறு கியர். பின்னால் உறுதியான கேரியர். விற்பவர் ஹட்டனில் ஒரு ஹோட்டல் சமையற்காரர், கட்டாருக்குப் போகிறார். நேரில் வந்து எடுக்க வேண்டும். நேரில்தானே? ஹட்டன்தானே? பறந்து போவேன்.

பெப்ரவரி 1, வெள்ளி

"நாகம்81" என்று பெயர் பதிந்து நாலாயிரம் ரூபா கேட்டேன். நாகலெட்சுமி என்று போட்டால் பாவம் டீச்சர் என்று நினைப்பார்கள். நாகம் என்றால் ஒரு பயம் இருக்கும்.

ஒரு மணித்தியாலத்தில் என்னைவிட நூறு ரூபா கூட்டி ஒருவன். பெயர் சுறா77.

மலையில் சுறாவுக்கு என்ன வேலை?

பெப்ரவரி 2, சனி

எங்கள் லயத்தில் போனுக்கு சிக்னல் வருகிற ஒரே இடம், பீலிக்கு மேலே இருக்கிற கல். அதில் ஏறி நின்று கையை உயர்த்திப் பிடித்தால் இண்டர்நெட்டும் கொஞ்சம் வரும். இன்று ஏழு தடவை ஏறினேன். பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், "டீச்சருக்கு என்னமோ கல்யாணம் பேசுறாங்க போல" என்று சிரித்தார்கள். பேசவில்லையம்மா, நான் ஒரு சுறாவோடு சண்டை போடுகிறேன்.

பெப்ரவரி 4, திங்கள்

சுதந்திர தினம், லீவு. சுறாவுக்கும் லீவு போல. காலையிலிருந்து மூன்று தடவை ஏற்றிவிட்டான்.

பெப்ரவரி 6, புதன்

விளையாட்டாய்ச் சிரித்தார்கள், நிஜமாகவே பேசிவிட்டார்கள். பழனியாண்டி மாமா ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்திருக்கிறார். பொகவந்தலாவையில் தபால் கந்தோரில் வேலை. பெயர் கஜேந்திரன். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"நல்ல எடம்டி. மாப்ளயோட அம்மா சண்முகவடிவு மட்டும் கொஞ்சம் கறாரு" என்றார் அம்மா. என் பத்து வயதில் அப்பா போன பிறகு கொழுந்துக் கூடையைச் சுமந்தே என்னை டீச்சராக்கியவர் என் அம்மா வீரம்மா. அவர் முகத்தைப் பார்த்து மறுக்க எனக்கு வாய் வரவில்லை. சரி, வரட்டும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பெப்ரவரி 7, வியாழன்

ஐயோ. ஏலம் முடிவது ஞாயிறு காலை பதினொன்று பதினைந்துக்கு.

"கடைசி நிமிஷத்திலதான் கேக்கோணும், முந்தினால் விலைதான் ஏறும்" என்று ஜெயமலர் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். கடைசி நிமிஷத்தில் நான் புடவை கட்டிக் காப்பித் தட்டோடு நிற்பேனே!

பெப்ரவரி 10, ஞாயிறு

முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்தே முக்காலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்த முதுகு, கண்ணாடி. என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளை உட்காரவே இல்லை. சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் அம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்குக் கோபம். பெண் பிடிக்கவில்லை என்றால் இப்படியா? ஆனால் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "காப்பிக்குத் தண்ணி பத்தாதும்மா" என்று ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் பீலிக்கு ஓடினேன்.

கல்லின் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்தி, போனைப் பிடித்தபடி.

"கொஞ்சம் எறங்குறீங்களா, அவசரம்" என்றேன்.

"எனக்கும் அவசரம்தாங்க. ரெண்டே நிமிஷம். ஒரு சைக்கிள்…"

குடம் என் கையிலிருந்து நழுவிப் பீலியில் விழுந்தது. "சுறாவா?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீங்கதான் அந்த நாகமா?"

பதினொன்று ஒன்பது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கல்லில் ஒரு ஆள்தான் நிற்கலாம். அவர் இறங்க மாட்டார், நான் விட மாட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஒரு காலை வைத்தேன். ஒரே கல்லில் ஆளுக்கொரு கால், ஆளுக்கொரு போன். நான் ஏழாயிரத்து எண்ணூறு. அவர் ஐம்பது கூட்டினார். நான் ஐம்பது கூட்டினேன். அவரும் கூட்டினார். "உங்களுக்கு எதுக்குங்க சைக்கிள்?" "பட்டிப்பொலயில இருந்து மேல ஹோர்ட்டன் சமவெளிக்கு சைக்கிள்ல ஏறணும்னு ஆசை. ஒங்களுக்கு?" "எனக்கு ஸ்கூலுக்குப் போகணும்!" பதினொன்று பதின்மூன்று. நான் அடுத்த தொகையைத் தட்டினேன். இண்டர்நெட் செத்துவிட்டது. போனில் போட்ட ரீலோட் காசு முடிந்துபோயிற்று.

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பெண் பார்க்க வந்தவர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

அவர் தன் போனை நீட்டினார். "இதுல ஒங்க பேர்ல போடுங்க. ஆனா போட்டதும் குடுத்துருங்க, நானும் திருப்பிக் கேப்பேன்."

என் பெயரில் நுழைந்தேன். எட்டாயிரம். ஏற்றுக்கொண்டது. "குடுங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கல்லைச் சுற்றி ஓடினேன். அவரும் சுற்றி ஓடிவந்தார். மூன்றாவது சுற்றில் நேரம் முடிந்தது.

நாகம்81. வாழ்த்துக்கள்.

குடமும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்து பழனியாண்டி மாமா இருமினார். நான் ஜெயித்தேனா, தட்டிப் பறித்தேனா? தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. சைக்கிள் எனக்கு!

பெப்ரவரி 11, திங்கள்

அவருக்குச் சிரிக்கும்போது ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழிகிறது. ஏன் இதை எழுதுகிறேன்?

பெப்ரவரி 13, புதன்

பதில் வந்துவிட்டது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் அந்த மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷத்தில் முழுக் கதையையும் அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறார். அதனால் சண்முகவடிவு அம்மா ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேலைக்குப் போகட்டும், தடையில்லை. சைக்கிள் மட்டும் கூடாது. "எங்க வீட்டு மருமக ரோட்டுல மிதிச்சுக்கிட்டுப் போறதா? வித்துறச் சொல்லுங்க."

இன்னும் எடுக்கவே இல்லை, அதற்குள் விற்கவா? அம்மா என்னைப் பார்க்கிறார். நான் சுவரைப் பார்க்கிறேன்.

பெப்ரவரி 16, சனி

எடுத்துவிட்டேன்! ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் வரைக்கும் ஓட்டியே வந்தேன். வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் மரத்துப்போயிற்று. தேயிலைக்குள்ளிருந்து கொழுந்தெடுக்கிற பெண்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். ஒரு அக்கா கூடையோடு கையை ஆட்டி, "விடாத, விடாத, மிதி!" என்றார். கண்ணில் தண்ணீர். காற்றினால்தான். இல்லை, சந்தோஷத்தில்.

வீட்டில் அம்மா அடுப்பைப் பலமாக ஊதினார்.

பெப்ரவரி 18, திங்கள்

ஏழு ஐந்துக்குப் பள்ளியில். வாசல் கேட் இன்னும் திறக்கவில்லை!

மார்ச் 9, ஞாயிறு

பரிசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், ஏப்ரல் 27. சைக்கிள் பேச்சு அப்படியே நிற்கிறது. கல்லில் ஏறி நின்று போனில் அவரைக் கேட்டேன்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

"எப்ப?"

"பேசுறேன்."

தபால் கந்தோர்ப் பதில். வரும், ஆனால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. "சைக்கிள் போனா நானும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அதுதான் கஷ்டம். பிடிக்காதவரை மறுப்பதற்கு என்ன வீரம் வேண்டியிருக்கிறது?

ஏப்ரல் 26, சனி

நாளை. தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரியவர்கள் சபையில் கேட்பார்கள், ரெண்டு பக்கத்துக்கும் வேறு ஏதாவது பேச இருக்கிறதா என்று. அங்கே சண்முகவடிவு அம்மா விற்கச் சொன்னால் நான் எழுந்து முடியாது என்பேன். நிச்சயம் சொல்வேன். அம்மா அவமானத்தில் குறுகிப் போவார். தெரியும். அதற்காகத்தான் காலையிலிருந்து அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரிகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. பத்து ஐந்துக்கு மேல்ரோட்டிலிருந்து அவருடைய போன். நான் விடிந்ததிலிருந்தே போனோடு பீலிக் கல்லுக்கு அடியில்தான் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு நாள் மழையில் தோட்டத்து ரோட்டு மதகு உடைந்து வேன் இறங்க முடியவில்லை. மற்றவர்கள் தட்டுகளைச் சுமந்து நடந்து வருகிறார்கள். ஆனால் முதல் தட்டை மாப்பிள்ளையின் தாய்தான் ஏந்தி வாசல் ஏற வேண்டும், அது அவர்கள் வழக்கம். அவருக்கோ முழங்கால் வலி. பத்தடி நடந்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாராம்.

ஓடிவந்து சொன்னேன். வீடே கையைப் பிசைந்தது. அப்போது என் அம்மா, இரண்டு மாதமாக அந்தச் சைக்கிளைக் கண்ணெடுத்துப் பார்க்காத என் அம்மா, அதைச் சுவரோரத்திலிருந்து இழுத்து என் கையில் தந்தார். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? போயி சம்பந்தியக் கூட்டிட்டு வா!"

பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு மேலே தள்ளினேன். வழியில் தட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மணப்பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வருவதைப் பார்த்து ஒரு கிழவர் சாமி கும்பிட்டார். உடைந்த மதகைச் சைக்கிளைத் தூக்கியே தாண்டினேன். அவர் தன் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கன்னம் குழிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஏறுங்கத்தை" என்றேன்.

"விழுத்தாட்டிற மாட்டியே?"

"தட்டக் கெட்டியாப் புடிச்சுக்குங்க, நான் ஒங்களக் கெட்டியாக் கொண்டுபோயிருவேன்."

அவர் தன் அம்மாவைக் கைபிடித்து மதகைத் தாண்டிக் கொண்டுவந்து விட்டார்; நான் சைக்கிளைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். அதற்கப்புறம் இறக்கம். முதல் வளைவில் அத்தை முருகா முருகா என்றார். இரண்டாவது வளைவில் தட்டை என் முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதில் பின்னாலிருந்து ஒரு சத்தம். பயத்தில் அழுகிறார் என்று நினைத்துப் பிரேக் பிடித்தேன்.

"எதுக்கு நிப்பாட்டுற? போ, போ!" என்றார். சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து இருபத்தாறுக்கு முதல் தட்டு வாசலில். ஒரு வெற்றிலைகூடச் சிந்தவில்லை.

பிறகு சபை. எங்கள் பக்கத்துப் பெரியவர் பொன்னையா தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டில் வேறு ஏதும் பேச இருக்கா? என் கால் இரண்டும் எழுந்திருக்கத் தயாராக இருந்தன. சண்முகவடிவு அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"இருக்குங்க. அந்த சைக்கிள் கேரியர் கம்பி ரொம்பக் குத்துது. ஒரு குஷன் தச்சுப் போடச் சொல்லுங்க. வேற ஒன்னுமில்ல."

தட்டு மாற்றினார்கள். அம்மா அழுதார், நான் சிரித்தேன், அல்லது மாற்றியோ.

மே 3, சனி

ஹட்டன் ரெக்சின் கடையில் நின்று அத்தைக்குப் போன் போட்டேன், சிவப்பா நீலமா என்று கேட்க.

"பச்ச சைக்கிளுக்குச் செவப்புத்தான் எடுக்கும். கொஞ்சம் அகலமாவே வெட்டச் சொல்லு."