பாட்டில் வந்த ‘நான்’

எல் போல்தோ, சிலி
3 ஆகஸ்ட் 1954

மதிப்பிற்குரிய தொன் பல்தோமெரோ அவர்களுக்கு,

எதெல்மிராவின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே மழை விடவில்லை.

என் கணவர் கஸ்தோதியோவுக்கு வடக்கே தாமிரச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. என்னையும் வரச்சொல்லி நச்சரிக்கிறார். நான் எப்படிப் போவேன்? என் குழந்தை கிளாரிசா இறந்த அன்று, வழக்கப்படி காகிதச் சிறகு கட்டி மேஜைமேல் உட்காரவைத்தபோது, அவள் உங்கள் பாட்டில் சொன்னாளே, “வேலிக்கதவில் நிற்பேன், அம்மா” என்று. நான் போய்விட்டால் குழந்தை யாரைத் தேடும்? இவர் என்னவென்றால், “அங்க யாருமில்லடி, வெறும் காத்து” என்று கத்துகிறார்.

ஒருமுறை வந்து அவளைப் பேசவையுங்கள். போகலாமா என்று அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

எதெல்மிரா

*

லா கனேலா
11 ஆகஸ்ட்

அன்புள்ள எதெல்மிராவுக்கு,

முழங்கால் என்னைவிடக் கிழடாகிவிட்டது, அதை விடு.

பெண்ணே, அது நான். செத்த குழந்தையின் வாயாகப் பாடகன் ‘நான்’ என்று பாடுவது நம் வழக்கம். என் அப்பனும் அப்படித்தான் பாடினான். சிறகு என்றது உருவகம். பூ மாதிரி உதிர்ந்தேன் என்றது உவமை. “அழாதே அம்மா” என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வந்தது, திரும்பத் திரும்பச் சொன்னால் மனதில் இறங்கும் என்பதற்காக. வேலிக்கதவு எப்படி வந்தது தெரியுமா? பத்து வரியில் எட்டாவது வரி இயைபுக்கு ஒரு சொல் கேட்டது. கைக்கு அகப்பட்டதைப் போட்டேன், அவ்வளவுதான்.

விடைபெறும் பாட்டை ஒரு குழந்தைக்கு இரண்டாம் முறை பாடக் கூடாது. அது ஆன்மாவைத் திருப்பி இழுக்கும் என்பார்கள். நீ கஸ்தோதியோவுடன் கிளம்பு.

பல்தோமெரோ

*

எல் போல்தோ
20 ஆகஸ்ட்

தொன் பல்தோமெரோ அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தவர் நீங்கள், எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறீர்கள்.

போகும்போது கிளாரிசாவுக்குப் பதினொரு மாதம். பேச்சு வரவில்லை. “இந்தா, இப்ப சொல்லிருவா பாரு” என்று கஸ்தோதியோ தினமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. அன்று உங்கள் பாட்டில்தான் கூப்பிட்டாள். விடியும்வரை கூப்பிட்டாள்.

அதுவும் நீங்கள்தான் என்றால் எனக்கு என்னதான் மிச்சம்? நேற்றுச் சாயங்காலமும் கதவருகே அவள் நின்றாள். நான் பார்த்தேன். இவர் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கிளம்புகிறார். தனியாகத்தான் போவார்.

எதெல்மிரா

*

லா கனேலா
29 ஆகஸ்ட்

மகளே,

எனக்கு இது தெரியாது. பேசாத குழந்தை என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாடக் கூடாது என்பதுதானே விதி? எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கிளாரிசா சொல்வதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வேலிக்கதவில் நானில்லை அம்மா,
வெகுதொலை பறந்து போய்விட்டேன்.
தாழ்ப்பாள் போட்டு அப்பாவுடன் போ,
தடுக்க மாட்டேன், விடைபெற்றேன்.

சத்தமாகப் படி.

பல்தோமெரோ

*

எல் போல்தோ
13 செப்டம்பர்

தொன் பல்தோமெரோ அவர்களுக்கு,

சத்தமாகத்தான் படித்தேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, அது நீங்கள். அந்த மோனை, அந்த நிறுத்தம், அந்த இருமல்கூடக் கேட்டது. என் மகள் என்னைப் போ என்று சொல்லமாட்டாள். கோபத்தில் காகிதத்தை அடுப்பருகே எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பழைய பாட்டை மனதுக்குள் பாடிப் பார்த்தேன். அதிலும் அதே மோனை, அதே நிறுத்தம், அதே இருமல். பத்து மாதமாக எனக்கு அது கேட்கவே இல்லை. உங்கள் காகிதம் வந்த அன்று என் குழந்தையை இரண்டாம் முறை புதைத்தேன், ஐயா. உங்கள்மேல் வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை.

நாளை மறுநாள் நானும் இவருடன் கிளம்புகிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். பக்கத்துத் தோட்டத்து ஃப்ரேசியாவின் பையன் இன்று காலை இறந்துவிட்டான். உங்களைக் கூப்பிட வரும் ஆளிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நாலு வயது, நன்றாகப் பேசுவான். பாட உட்காருமுன் அவன் எப்படிப் பேசுவான் என்று அவன் அம்மாவிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பாடுவது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியும்படி, அப்படி இல்லாமல் பாடுங்கள்.

எதெல்மிரா