சாசிக் கம்புக்கு அப்பால்

வார்மேய்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள மருமகள் ஓர்பாவுக்கு,

மாமா ஒபேத் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சோரோங்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மின்னல் தாக்கிய கைபேசிக் கோபுரத்தைச் சரிசெய்ய இன்னும் யாரும் வரவில்லை. கைபேசிகளெல்லாம் இங்கே இப்போது விளக்காக மட்டும்தான் உதவுகின்றன. அதனால்தான் கடிதம்.

கால் வீக்கம் குறைந்ததா? உப்பு மீனைத் தொடாதே. உன் கோழிகள் நலம். உன் அடுப்புக்குப் பின்னால் முட்டையிட்டுவிட்டு என்னையே திட்டுகின்றன.

இந்தக் கடிதம் வரும் படகிலேயே உன் புருஷன் மெல்கியாஸும் வருகிறான். ஆனாலும் இதை அவனிடம் கொடுக்காமல் சுகாதார நிலைய நர்ஸிடம் கொடுத்து, இறங்கியதும் முதலில் உன்னிடம் சேர்க்கச் சொல்லி அனுப்புகிறேன். அவன் உன் முன்னால் வந்து நிற்கும்போது உனக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். படித்துவிட்டு அவனிடமே கொடு. அவனிடம் மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

மேட்டுக்காட்டுக்குள் யாரும் போகக் கூடாதென்று சாசி போட்டது நீ ஊரில் இருந்தபோதுதான். சபையில் எழுந்து அதைக் கேட்டதே உன் புருஷன். சுருள்வால் சொர்க்கப்பறவை ஆடுகிற களத்தில் போன பருவம் முழுக்க மெல்கியாஸும் மற்ற வழிகாட்டிகளும் தினமும் இலை போட்டார்கள். களத்தில் ஒரு இலை கிடந்தாலும் பொறுக்காமல் அது இறங்கி வந்து எடுத்து எறியும், பறவை பார்க்க வருகிற விருந்தாளிகள் படம் எடுப்பார்கள். நம் வாசலில் யாரோ தினமும் குப்பையைக் கொட்டி, நாம் பெருக்குவதை மறைவிலிருந்து வேடிக்கை பார்த்தால் நாமும் வீடு மாறத்தான் நினைப்போம். அது வருவது குறைந்துபோயிற்று. "ஈஸ்டர் வரைக்கும் யாரும் மேல போக வேணாம், அதை விட்டுடுவோம்" என்று மெல்கியாஸ் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பாதை முனையில் தென்னோலை கட்டிய கம்பை நட்டதும் அவன் கைதான். போதகர் ஜெபம் செய்து காட்டை மூடினார்.

நீ போன பிறகு ஒரு காற்று மழை வந்தது. மேட்டுக்காட்டில் பெரிய கிளை ஒன்று முறிந்து களத்தின் ஓரத்தில் விழுந்ததை ரோந்து போன சபை மூப்பர் நத்தானியேல் வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு மோர்வென் என்று ஒரு வயதான ஸ்காட்லாந்து அம்மாள் நம் விடுதியில் வந்து தங்கினார். இரண்டு கையிலும் ஊன்றுகோல். இந்தத் தீவுகளில் மட்டும் இருக்கிற பறவைகளில் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டாராம், இது ஒன்றுதான் பாக்கி. சாசி என்று மெல்கியாஸ் விளக்கினான். அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு, தூரத்து மேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்பட்டிருந்தால் உன் புருஷன் அசைந்திருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் புறப்பட்ட காலை, நான் பொரித்த வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்து உட்காரவைத்துக் கேமராவைக் காட்டினார். அந்தப் பறவை அலகில் பச்சை இலையோடு நின்றது. அழகான படம், ஓர்பா. ஆனால் பறவைக்குப் பின்னால் அந்த முறிந்த கிளை கிடந்தது. அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது. மெல்கியாஸ் அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னானாம். அவர் என்னிடம் நன்றி சொல்லிவிட்டுப் படகேறிப் போய்விட்டார்.

சில நாள் கழித்து நத்தானியேல் மறுபடி மேலே போனார். கம்பின் ஓலை ஒதுக்கப்பட்டிருந்தது. களத்தோரம் பறவை எறிந்த இலைகளில் சிலவற்றின் காம்பு கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தது. ஊர் முழுவதும் ஒரே பெயர்தான்: என் தங்கை பெர்த்தாவின் மகன் சோலெமான். முன்பு கொண்டைக்கிளி பிடித்து விற்றவன் அல்லவா? அடிவாரத்தில் பிரம்பு வெட்டப் போனதையும் பார்த்திருக்கிறார்கள். இப்போது அவன் படகில் யாரும் ஏறுவதில்லை. பெர்த்தா சந்தையில் பாக்கு விரித்து உட்கார்ந்தால் பக்கத்துப் பாயில்தான் வாங்குகிறார்கள். அவள் எழுந்து நின்று கத்தினாள்: "ஆமா, என் புள்ள கிளி புடிச்சவன்தான். அதுக்குன்னு ஊர்ல உதிர்ற இலைக்கெல்லாம் அவன்தான் பொறுப்பா? உங்க தலையில முடி கொட்டினாலும் அவனையே கேளுங்க!" யாரும் சிரிக்கவில்லை.

நான் வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் யாராவது மையைக் கொட்டிவிட்டால் யார் என்று நான் அதட்டமாட்டேன். துடைக்கிற துணியை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்து துணியை எடுக்கும். மெல்கியாஸுக்கும் அப்படித்தான் செய்தேன். சாகோக் களி சாப்பிடும்போது, "சோலெமான் படகுல யாரும் ஏறலையாமேடா" என்றேன். "அதுக்கு நான் என்னப்பா பண்ணணும்?" என்று கிண்ணத்தைப் பார்த்தே சொன்னான். நான் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவன் எழுந்து கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டான்.

நேற்று ஆராதனை முடிவில் போதகர் கேட்டார். சாசியை மீறியவர் தானாக எழுந்து நின்றால் விருந்தாளிகளை அழைத்துப் போகிற உரிமை ஒரு வருடம் போகும், அதோடு சரி. எழுந்து நிற்காவிட்டால், மறைந்த கையை அதன் வீட்டின் வழியாகவே ஆண்டவர் வெளிப்படுத்தட்டும் என்ற ஜெபம். அதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்: தப்புச் செய்தவன் வீட்டில் யாரையாவது நோய் தாக்கும். சோலெமான்தான் எழுந்தான். "நான் இல்லை. இருந்தாலும் ஜெபத்தைச் சொல்லுங்க போதகரே. என் வீட்டுல ஆத்தாவும் ஒரு பன்னியும்தான். ஆத்தாகிட்ட எந்த நோயும் நெருங்காது, பன்னி பாடுதான் பாவம்" என்றான். சில பேர் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்த பிறகு அவன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மெல்கியாஸ் எழுந்து நிற்கவில்லை. போதகர் ஜெபத்தைச் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். என் பக்கத்தில் அவன் உதடு மட்டும் அசையவில்லை.

வீடு வரும் வழியில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். "அப்பா, ஓர்பாவுக்கு எதுவும் ஆகாதுல்ல?" என்றான். சின்ன வயதில் இடி இடித்தால் கேட்கும் அதே குரல். "ஏன்டா ஆகணும்?" என்று கேட்டேன். சாயங்காலமே துணியை மடித்து வைத்துவிட்டான், இன்றைய படகில் உன்னிடம் போகிறானாம்.

ஓர்பா, ஒரு இலைக்காகப் பிறக்காத பிள்ளையைத் தண்டிக்கிற ஆண்டவரை நான் அறியேன். நீ பயப்படாதே, நன்றாகச் சாப்பிடு, தூங்கு. ஆனால் அவன் பயப்படுகிறான். வருமானம் போனால் உங்கள் இருவரையும் எப்படிக் காப்பாற்றுவது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டான். இப்போது அந்த ஜெபம் உங்கள்மேல் விழுந்துவிடுமோ என்று ஓடி வருகிறான். ஒன்றும் கெட்ட எண்ணமில்லை. ஆனால் பெர்த்தாவின் பாயில் பாக்கு காய்ந்துகொண்டிருக்கிறது.

நீ கேட்கலாம், மாமா, நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று. நான் சொன்னால் அவன் பிடிபட்டவன். அவன் சொன்னால் தப்பைச் செய்து திருத்திக்கொண்டவன். பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவனுக்கு இந்த இரண்டாவது பெயர் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் என் ஆசைக்காக சோலெமான் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் முழங்கால் ஆட உட்காரக் கூடாது. மெல்கியாஸ் திரும்பி வந்து சபையில் சொல்லாவிட்டால் வருகிற ஞாயிறு நானே எழுந்து சொல்லிவிடுவேன். இதை அவனுக்கும் சொல்.

அவன் வந்ததும் சந்தோஷமாக இரு. வயிற்றில் கை வைத்துப் பார்க்கட்டும், பிள்ளை உதைத்தால் அவனுக்குத் தைரியம் வரும். நான் சொன்னால் அவன் கிண்ணம் கழுவப் போய்விடுகிறான், நீ சொன்னால் கேட்பான். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னது உண்மையானால், சனிக்கிழமைப் படகில் அவனை ஏற்றிவிடு, அடுத்த படகில் உன்னிடமே திரும்பி வரட்டும். ஒரு வருடம் விருந்தாளிகள் இல்லாவிட்டால் என்ன, என் ஓய்வூதியம் இருக்கிறது, கடல் இருக்கிறது. சோலெமானுக்குப் படகில் ஒரு துணை ஆள் வேண்டும்.

உன் கையிலும் உன் பிள்ளை தலையிலும் ஆண்டவரின் கை இருக்கட்டும். கோயிலில் நான் உட்காரும் இடம் உனக்குத் தெரியும். வருகிற ஞாயிறு நான் அங்கிருந்து எழுந்து நிற்க வேண்டியிராமல் போகட்டும் என்று எனக்காக வேண்டிக்கொள், மகளே.

உன் அன்பு மாமா,
ஒபேத்